சொத்து வரி மதிப்பீடு

சொத்து வரி மதிப்பீடு என்பது ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களையும் காலி மனைகளையும் அளந்து, வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பை நிர்ணயிக்கும் நடைமுறை ஆகும். அந்த மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரியாக விதிக்கப்படுகிறது.

வருமான வரியிலும் விற்பனை மீதான வரியிலும் பணம் கைமாறும்போதே தொகை தெரிந்துவிடும். சொத்து வரியில் அந்த வசதி இல்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் யாருக்கும் வாடகை தருவதில்லை. முப்பது ஆண்டுகளாக விற்கப்படாத வீட்டின் இன்றைய விலை எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லை. ஆகவே மதிப்பை ஓர் அலுவலர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே சீராக இருக்கிறதா, வீட்டு உரிமையாளர் அதைத் தானே போட்டுப் பார்த்துச் சரிபார்க்க முடிகிறதா என்ற இரண்டையும் பொறுத்தே இந்த வரி நியாயமானதா என்பது முடிவாகிறது. இக்கட்டுரை சென்னை மாநகராட்சியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பீட்டு முறைகளையும், வரி செலுத்துவோருக்கு உள்ளாட்சி செய்ய வேண்டிய சேவைகளையும் விளக்குகிறது.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49-ஆவது இனம் நிலம், கட்டடங்கள் மீதான வரி பற்றியது. எனவே சொத்து வரி மாநிலச் சட்டமன்றங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் 243-எக்ஸ் உறுப்பு, வரிகளை விதித்து வசூலிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்க மாநிலங்களுக்கு வழி செய்கிறது. சட்டத்தின் துணையின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்பது 265-ஆவது உறுப்பு. மதிப்பீட்டு அலுவலர் தம் விருப்பப்படி ஒரு தொகையை எழுதிவிட முடியாது. அதற்கு விதி இருக்க வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

தமிழ்நாட்டில் சென்னைக்கு 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமும், நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான விதிகள் வகுக்கப்பட்ட பின் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய மூன்றுக்கும் இப்போது இதுவே பொதுச் சட்டம்.

ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285-ஆவது உறுப்பு வரிவிலக்கு அளிக்கிறது. ஆனால் அச்சொத்துகளுக்கும் சாலை, விளக்கு, குப்பை அகற்றல் போன்ற வசதிகளை உள்ளாட்சியே செய்து தருவதால், வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் பெறும் வழக்கம் உள்ளது. வழிபாட்டுத் தலங்கள் போன்ற சிலவற்றுக்கு மாநிலச் சட்டமே விலக்களிக்கிறது.

சென்னையில் வரியின் தொடக்கம்

சென்னை மாநகராட்சி தோன்றியதற்கே வீட்டு வரி ஒரு காரணம். 17-ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, நகரத்தைத் துப்புரவு செய்யவும் பாதுகாக்கவும் ஆகும் செலவுக்காகக் கறுப்பர் நகர மக்களிடம் வீட்டு வரி வசூலிக்க முயன்றது. மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். கம்பெனியின் இயக்குநர்களுள் செல்வாக்கு மிக்கவரான ஜோசயா சைல்டு இதற்கு ஒரு வழி சொன்னார். ஆளுநர் தம் அதிகாரத்தால் விதிக்கும் வரியை விட, ஊர்க்காரர்களும் இடம்பெறும் ஓர் அவை விதிக்கும் வரியை மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் வாதம். 1687 டிசம்பரில் அதற்கான சாசனம் வழங்கப்பட்டது. 1688 செப்டம்பர் 29 அன்று மேயரையும் ஆல்டர்மேன்களையும் கொண்ட மாநகராட்சி செயல்படத் தொடங்கியது.

கம்பெனியின் நோக்கம் வருவாய்தான் என்றாலும், வரி கேட்பவர் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் வசூல் நடக்காது என்பதை அது புரிந்துகொண்டிருந்தது. அவை அமைத்த பின்னும் வரி எளிதாக வந்துவிடவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உள்ளாட்சிகள் எதிர்கொள்ளும் கேள்வி ஏறத்தாழ இதேதான்.

மதிப்பீட்டு முறைகள்

இந்திய நகரங்களில் மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

1. ஆண்டு வாடகை மதிப்பு முறை: ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுவது. பிரித்தானியர் காலத்திலிருந்து வரும் முறை இது. உண்மையில் வசூலிக்கப்படும் வாடகை வேறு, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகை வேறு. சட்டம் இரண்டாவதையே கொள்கிறது. இந்த முறைக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் ஒரு சிக்கல் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எவ்வளவு வாடகை பெறலாமோ அதற்கு மேல் ஆண்டு மதிப்பைக் கணக்கிட முடியாது என்று 1979-இல் புது தில்லி நகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் பழைய கட்டடங்களின் மதிப்பு பல நகரங்களில் உயராமல் நின்றுபோனது. ஒரே தெருவில் பழைய கட்டடத்துக்குச் சொற்ப வரியும், பக்கத்தில் எழுந்த புதிய அடுக்ககத்துக்குப் பல மடங்கு வரியும் என்ற நிலை ஏற்பட்டது.

2. மூலதன மதிப்பு முறை: சொத்தின் சந்தை விலையை அடிப்படையாகக் கொள்வது. மும்பை 2010-இல் இம்முறைக்கு மாறியது. ஒவ்வொரு சொத்தின் விலையையும் தனித்தனியே ஆராய இயலாது என்பதால், பத்திரப் பதிவுக்கு அரசு வெளியிடும் விலைப்பட்டியலே பெரும்பாலும் தொடக்கப் புள்ளியாகிறது. நிலத்தின் விலை வேகமாக ஏறும் பகுதிகளில், வருமானம் உயராத ஒருவரின் வீட்டுக்கும் வரி உயர்ந்துவிடுவது இம்முறையின் சங்கடம்.

3. அலகுப் பரப்பு முறை: ஒரு சதுர அடிக்கோ சதுர மீட்டருக்கோ இவ்வளவு என்று பகுதிவாரியாக அறிவித்துவிட்டு, கட்டடத்தின் பரப்பாலும் அதன் வயது, கட்டுமான வகை, பயன்பாடு ஆகியவற்றுக்கான காரணிகளாலும் பெருக்குவது. 1993-இல் பாட்னா மாநகராட்சி சாலையின் தரம், பயன்பாடு, கட்டுமான வகை என்ற மூன்றையும் கொண்டு இத்தகைய முறையை வகுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பெங்களூரு 2000-இல் உரிமையாளரே கணக்கிட்டுச் செலுத்தும் சுயமதிப்பீட்டைக் கொண்டுவந்தது. தில்லி 2004-இல் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகைகளாகப் பிரித்து அலகுப் பரப்பு முறைக்கு மாறியது.

பரப்பளவை மட்டும் வைத்து வரி போடுவது எளிது. ஆனால் அது சமத்துவத்துக்கு ஒவ்வாதது. கட்டடத்தின் மதிப்பையும் இருப்பிடத்தையும் பாராமல் தரைப்பரப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட கேரளத்தின் கட்டட வரிச் சட்டத்தை, சமமல்லாதவர்களைச் சமமாக நடத்துகிறது என்று கூறி 1960-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பெருநகரத்தின் கடைத்தெருவில் உள்ள ஆயிரம் சதுர அடியும் மலையோரக் கிராமத்தில் உள்ள ஆயிரம் சதுர அடியும் ஒன்றல்ல என்பதே அதன் சாரம். பாட்னா முறை பரப்போடு இடத்தையும் பயன்பாட்டையும் சேர்த்துக்கொண்டதால் நிலைத்தது.

சென்னை மாநகராட்சியின் கணக்கு

சென்னையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட முறை, ஆண்டு வாடகை மதிப்பையும் அலகுப் பரப்பையும் இணைத்தது எனலாம். சட்டம் கேட்பது ஆண்டு வாடகை மதிப்பு. அதைக் கண்டறிய, தெருவாரியாகச் சதுர அடிக்கு ஒரு மாத அடிப்படை வாடகை நிர்ணயிக்கப்பட்டது. குடியிருப்புகளுக்கு அது சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரையிலும், குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரையிலும் இருந்தது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 900 சதுர அடி வீடு; உரிமையாளரே குடியிருக்கிறார்; கட்டி 10 ஆண்டுகள் ஆகின்றன; அந்தத் தெருவுக்கான அடிப்படை வாடகை சதுர அடிக்கு 1 ரூபாய் 50 காசு என்று கொள்வோம்.

- மாத வாடகை மதிப்பு: 900 × 1.50 = 1,350 ரூபாய்
- வயதுத் தேய்மானம், ஆண்டுக்கு 1 விழுக்காடு வீதம் 10 விழுக்காடு கழிவு: 1,350 − 135 = 1,215 ரூபாய்
- உரிமையாளர் குடியிருப்பதற்கான 25 விழுக்காடு கழிவு: 1,215 − 303.75 = 911.25 ரூபாய்
- ஆண்டு மதிப்பு: 911.25 × 10.92 = 9,950.85 ரூபாய்
- அரையாண்டு வரி, ஆண்டு மதிப்பில் 12.40 விழுக்காடு: சுமார் 1,234 ரூபாய்

ஓராண்டுக்குப் பன்னிரண்டு மாதம் இருக்க, 10.92-ஆல் பெருக்குவது ஏன் என்ற கேள்வி பலருக்கும் எழும். மாத வாடகை 1 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.20, நிலத்துக்கு உரியதாகக் கருதப்பட்டுத் தனியே வைக்கப்படுகிறது. மீதமுள்ள 10.80 கட்டடத்துக்கு உரியது. கட்டடத்துக்குப் பழுதுபார்ப்புச் செலவு உண்டு என்பதால் அதில் 10 விழுக்காடு கழிக்கப்பட்டு 9.72 ஆகிறது. நிலத்துக்குப் பழுதுபார்ப்பு இல்லை. எனவே தனியே வைத்த 1.20 அப்படியே சேர்க்கப்படுகிறது. 9.72 + 1.20 = 10.92.

12.40 விழுக்காட்டுக்குள்ளும் மூன்று பகுதிகள் உள்ளன: பொது வரி 9.00, கல்வி வரி 2.50, நூலக வரி 0.90. இது ஆண்டு மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளுக்கு இருந்த விகிதம். குறைந்த மதிப்புள்ள சொத்துகளுக்குப் பொது வரி படிப்படியாகக் குறைவு. நூலக வரி என்பது 1948-ஆம் ஆண்டின் பொது நூலகங்கள் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுவது. பொது வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு. ஊரில் உள்ள கிளை நூலகம் நடப்பதற்கு அந்த ஊர் வீடுகளின் சொத்து வரியும் ஒரு காரணம் என்பது பலர் அறியாதது.

சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் தெருக்கள் ஏ, பி, சி, டி போன்ற மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கான அடிப்படை மதிப்பு வகுக்கப்படுகிறது. கணக்கின் போக்கு ஒன்றே. விகிதங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும்.

பொதுச் சீராய்வு

வாடகையும் விலையும் காலத்தோடு மாறுவன. எனவே குறிப்பிட்ட கால இடைவெளியில் எல்லாச் சொத்துகளின் மதிப்பையும் ஒருசேரப் புதுப்பிப்பது பொதுச் சீராய்வு எனப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது வகுக்கப்பட்ட நெறி. நடந்தது வேறு. சென்னையில் 1998-க்குப் பிறகும், தமிழகத்தின் மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு பல ஆண்டுகள் நடைபெறவில்லை. 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது; கூடுதலாகச் செலுத்தியவர்களின் தொகை பின்னர் ஈடுசெய்யப்படும் என்று கூறப்பட்டது. இறுதியில் 2022 ஏப்ரல் முதல் புதிய வரி நடைமுறைக்கு வந்தது.

2022 சீராய்வில் சென்னையின் பழைய பகுதிகளில் உள்ள குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75 விழுக்காடு, 1,201 முதல் 1,800 வரை 100 விழுக்காடு, அதற்கு மேல் 150 விழுக்காடு என வரி உயர்த்தப்பட்டது. 2011-இல் சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு இவை முறையே 25, 50, 75, 100 விழுக்காடு. மேலே கணக்கிட்ட 900 சதுர அடி வீடு பழைய பகுதியில் இருந்தால், அதன் அரையாண்டு வரி 1,234 ரூபாயிலிருந்து சுமார் 2,159 ரூபாயாகியிருக்கும்.

இந்த உயர்வுக்கு ஒரு வெளிக்காரணமும் உண்டு. உள்ளாட்சிகளுக்கான மானியம் பெற வேண்டுமானால் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்திருக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது.

சீராய்வைத் தள்ளிப்போடுவது மக்களுக்குச் செய்யும் சலுகை போலத் தோன்றும். ஒரு சிறு கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 1998-இல் 1,000 ரூபாயாக இருந்த வரி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை 15 விழுக்காடு வீதம் 2003, 2008, 2013, 2018 ஆகிய நான்கு முறை உயர்ந்திருந்தால் 1,749 ரூபாயாகியிருக்கும். 2022-இல் நடுத்தர வீடுகளுக்கு வந்த 75 விழுக்காட்டு உயர்வும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. படிப்படியாக ஏறியிருந்தால் குடும்பம் அதற்கேற்பத் திட்டமிட்டிருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு ஒரே அரையாண்டில் வந்த உயர்வு அதிர்ச்சியாக இருந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் உள்ளாட்சிக்கு வர வேண்டிய வருவாயும் வரவில்லை.

மற்றொரு குறையையும் கவனிக்க வேண்டும். எல்லோருடைய பழைய வரியையும் ஒரே விழுக்காட்டில் உயர்த்துவது உண்மையான மறுமதிப்பீடு ஆகாது. 1998-இல் சாதாரணத் தெருவாக இருந்து பின்னர் மென்பொருள் நிறுவனங்களால் வாடகை எகிறிய பகுதியும், அன்று பரபரப்பாக இருந்து இன்று அடங்கிய கடைத்தெருவும் ஒரே விழுக்காட்டில் உயர்ந்தால், பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே பெருகும். பரப்பளவுக்கேற்ப விழுக்காட்டை மாற்றியது சிறிய வீடுகளைக் காத்தது; தெருக்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சரிசெய்யவில்லை.

புதிய விதிகளின் கீழ் ஆண்டுதோறும் சிறிய அளவில் வரியை உயர்த்த வழி செய்யப்பட்டுள்ளது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது.

மதிப்பீடு சீரானதா என்று அறிவது எப்படி

மதிப்பீட்டின் தரத்தை அளக்க உலக அளவில் பயன்படும் எளிய கருவி விகித ஆய்வு. 1934-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மதிப்பீட்டு அலுவலர்கள் சங்கம் இதற்கான தர அளவுகளை வெளியிட்டுவருகிறது. அண்மையில் விற்கப்பட்ட சொத்துகளை எடுத்துக்கொண்டு, உள்ளாட்சி போட்ட மதிப்பை விற்பனை விலையால் வகுத்து விகிதம் காண்பதே இதன் முறை.

கற்பனையாக மூன்று வீடுகளைக் கொள்வோம். முதல் வீடு 20 லட்சத்துக்கு விற்றது. பதிவேட்டில் மதிப்பு 18 லட்சம். இரண்டாவது 50 லட்சத்துக்கு விற்றது. பதிவேட்டில் 40 லட்சம். மூன்றாவது 1 கோடிக்கு விற்றது. பதிவேட்டில் 60 லட்சம். விகிதங்கள் முறையே 90, 80, 60 விழுக்காடு. வரி விகிதம் மூவருக்கும் ஒன்றே என்றாலும், சிறிய வீட்டுக்காரர் தம் சொத்தின் உண்மை மதிப்பில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கொடுப்பது, பெரிய வீட்டுக்காரர் கொடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு. சட்டத்தில் இப்படி எங்கும் எழுதப்பட்டிருக்காது. மதிப்பீட்டின் கோணலில் இது சத்தமில்லாமல் நடக்கிறது.

விகிதங்கள் நடு விகிதத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பது சிதறல் கெழு எனப்படுகிறது. குடியிருப்புகளுக்கு அது 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் மதிப்பீடு சீரானது என்று அச்சங்கம் கொள்கிறது. எல்லா விகிதங்களும் 60 ஆக இருந்தாலும் வரி நியாயமாகவே பகிரப்படும். ஒன்று 90, மற்றொன்று 60 என்றிருப்பதே அநீதி. இந்தியாவில் பதிவுத் துறையின் பத்திர விலை பல நேரங்களில் உண்மை விலையை விடக் குறைவாக எழுதப்படுவதால், இத்தகைய ஆய்வைச் செய்வது கடினமாகிறது.

மதிப்பிடுபவரும் வரி விகிதத்தை முடிவு செய்பவரும் வெவ்வேறாக இருப்பது மற்றொரு பாதுகாப்பு. வருவாய் தேவைப்படும் அமைப்பே மதிப்பையும் போட்டால், பட்ஜெட் பற்றாக்குறை மதிப்பீட்டில் எட்டிப்பார்க்கும். தேர்தல் நெருங்கினால் மதிப்பீடே நின்றுபோகும். மேற்கு வங்கம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மதிப்பீட்டுக்கெனத் தனி வாரியம் அமைத்தது. மாநில அளவில் சொத்து வரி வாரியம் வேண்டும் என்று 13-ஆவது நிதிக்குழுவும் வலியுறுத்தியது.

விடுபட்ட கட்டடங்கள்

பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்கு வரியே இல்லை. அதன் சுமை பதிவேட்டில் இருப்பவர்கள் மேல் விழுகிறது. தரைத்தளத்துக்கு மட்டும் வரி செலுத்திக்கொண்டு மேலே இரண்டு தளங்கள் கட்டியிருப்பது, வீடு என்று பதிந்த இடத்தில் கடை நடத்துவது ஆகியவை பரவலாகக் காணப்படும் குறைமதிப்பீடுகள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்த 2016-17 ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, பெங்களூரும் ஜெய்ப்பூரும் தமக்குக் கிடைக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் வசூலிக்கவில்லை என்று மதிப்பிட்டது.

டிரோன் படங்களும் ஜி.ஐ.எஸ். வரைபடங்களும் இப்போது இத்தகைய விடுபாடுகளைக் கண்டறிய உதவுகின்றன. மின் இணைப்பு எண்களைச் சொத்து வரிப் பதிவேட்டோடு ஒப்பிடுவது இதைவிட எளிய வழி. எனினும் வானிலிருந்து எடுத்த படத்தில் கூரைப்பரப்புதான் தெரியும். சன்ஷேடும் கீற்றுக் கொட்டகையும் கட்டடமாகக் கணக்காகிவிடலாம். ஆகவே படம் காட்டும் வேறுபாட்டை நேரில் அளந்து உறுதிசெய்த பிறகே கேட்பு எழுப்புவது முறை.

வரி செலுத்துவோருக்கான சேவை

அறிவிப்பு: நல்ல மதிப்பீட்டு அறிவிப்பில் இறுதித் தொகை மட்டும் இருந்தால் போதாது. அளந்த பரப்பு, தெருவின் அடிப்படை மதிப்பு, கட்டடத்தின் வயது, பயன்பாடு, கழிவுகள், பழைய வரி, புதிய வரி, ஆட்சேபிக்கக் கடைசி நாள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். 1,050 சதுர அடி என்று தவறாகப் பதிந்திருப்பதை, பரப்பு அறிவிப்பில் இருந்தால்தான் உரிமையாளர் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலான மனக்குறைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடக்கூடியவை.

மேல்முறையீடு: மதிப்பீட்டில் உடன்பாடு இல்லாதவர் முதலில் ஆணையரிடம் மறுசீராய்வு மனு அளிக்கலாம். அதன் பின் வரி மேல்முறையீட்டு அமைப்பையும், அதிலும் தீராவிட்டால் நீதிமன்றத்தையும் நாடலாம். மனுவில் வரி அதிகம் என்று மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. பரப்பு தவறு, வயது தவறு, வீட்டைக் கடையாகப் பதிந்துள்ளனர், அதே தெருவில் இதே போன்ற வீட்டுக்குக் குறைவாக உள்ளது என்பன போன்ற குறிப்பான காரணங்களே எடுபடும்.

ஊக்கத்தொகையும் தண்டமும்: தமிழ்நாட்டில் அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு வரியில் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். தாமதித்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு தனிவட்டி சேரும்.

இணையச் சேவை: முன்பு பில் கலெக்டர் வீடு வீடாக வந்து வசூலிப்பதே வழக்கம். இன்று வரிவிதிப்பு எண்ணைக் கொண்டு இணையத்தில் நிலுவையைப் பார்த்துச் செலுத்தலாம். புதிய வரிவிதிப்பு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கும் இணையவழி விண்ணப்பம் உண்டு. கணினி பழகாதவர்களுக்கு வார்டு அலுவலகமும் வசூல் மையமும் தேவைப்படுவதால் அவற்றை மூடிவிட முடியாது.

செலவுக் கணக்கு: கொடுத்த வரி எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுக்கும் மனம் வரும். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி என வார்டு வாரியாகச் செலவை வெளியிடுவது, வசூலுக்கான எந்த எச்சரிக்கை நோட்டீசையும் விடப் பயனுள்ளது.

கிராம ஊராட்சிகளில் வீட்டு வரி

கிராமங்களில் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி வீட்டு வரி விதிக்கப்படுகிறது. கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்ற வகையும் பரப்பும் இங்கு முதன்மை. தொகை சிறியது, ஆனால் ஊராட்சி தானே ஈட்டும் வருவாயில் இது முக்கியமானது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் அடுக்ககங்களும் கிடங்குகளும் எழும்போது, கிராமத்துக்கென வகுத்த எளிய கணக்கு அவற்றின் மதிப்பை எட்டுவதில்லை. அத்தகைய ஊராட்சி பின்னர் மாநகராட்சியோடு இணையும்போது வரி திடீரென உயர்வதற்கு இதுவும் காரணம்.

பிற நாடுகளில்

இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள் ஆண்டு மதிப்பின் அடிப்படையில் வரி விதிக்கின்றன. தமிழில் இது சோலைவரி எனப்படுகிறது. மதிப்பை நிர்ணயிப்பது சபை அன்று, அரசின் விலைமதிப்பீட்டுத் திணைக்களம். ஆண்டு முழுமைக்குமான தொகையை ஜனவரி 31-க்குள் செலுத்தினால் 10 விழுக்காடு கழிவு உண்டு. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதிய மதிப்பீட்டுப் பட்டியலை எதிர்பார்க்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தனி அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் எல்லாச் சொத்துகளையும் மதிப்பிட்டு ஜனவரித் தொடக்கத்தில் அறிவிப்பு அனுப்புகிறது. அம்மாத இறுதிக்குள் ஆட்சேபிக்கலாம். இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் உள்ளாட்சி வரி இன்றும் 1991 ஏப்ரல் 1 அன்று நிலவிய வீட்டு விலைகளின் அடிப்படையிலேயே கணக்கிடப்படுகிறது. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பால் வந்த 13-ஆவது முன்மொழிவு, சொத்து கைமாறாத வரை மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராமல் தடுத்தது. பழைய உரிமையாளர் காக்கப்பட்டார்; அதே போன்ற பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர் பல மடங்கு செலுத்துகிறார்.

வரி செலுத்துவோர் அறிய வேண்டியவை

- சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. வரி செலுத்தியதற்கான சான்று மட்டுமே அது.
- அனுமதியின்றிக் கட்டிய பகுதிக்கு வரி விதிக்கப்பட்டாலும் அக்கட்டடம் முறைப்படுத்தப்பட்டதாகப் பொருள் இல்லை.
- வீடு வாங்குவோர், பெயர் மாற்றத்துக்கு முன் வரி நிலுவையும் பதிவேட்டில் உள்ள பரப்பும் சரியா என்று பார்ப்பது நல்லது. நிலுவை சொத்தோடு வரும்.
- கூடுதல் தளம் கட்டினாலோ, வீட்டைக் கடையாக்கினாலோ, கட்டடத்தை இடித்தாலோ உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இடித்ததைத் தெரிவிக்காவிட்டால் இல்லாத கட்டடத்துக்கு வரி சேர்ந்துகொண்டே போகும்.
- அறிவிப்பு வந்ததும் தொகைக்கு முன் பரப்பு, பயன்பாடு, வயது ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். கணக்கில் வரும் பிழைகள் பெரும்பாலும் இம்மூன்றில்தான் இருக்கும்.